பின் சில்லில் ஒழுகும் பிரேக் ஒயில்: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?



ஒலுவில் துறைமுகத்தின் கட்டுமானம் டென்மார்க் நாட்டின் கடனுதவியுடன் 2008இல் தொடங்கி, 2013 செப்டெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. துறைமுகத்திற்காக விவசாயக் காணிகள் எடுக்கப்பட்டன. அலைதடுப்புச் சுவர் எழுந்த பின்னர் அதன் வடக்குப் பக்கக் கரையைக் கடல் அரித்தது. தென்னந்தோட்டங்களும் காணிகளும் அலையோடு போயின. துறைமுக வாயிலோ மணலால் அடைபட்டது. இவ்வாறு காணியை இழந்த குடும்பங்களில் சில, கையில் கிடைத்த பணத்தில் ஒரு பழைய வாகனத்தை வாங்கி, மரக்கறியும் மீனும் ஏற்றியோ, ஹயர் ஓடியோ பிழைக்கின்றன. நேற்று வயலும் தோட்டமும் தந்த சோற்றை இன்று அந்த நான்கு சில்லுகள் தருகின்றன.

புதிய வாகனம் வாங்குவது இவர்களுக்கு எட்டாத காரியம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறின. ஆகவே இருபது, முப்பது வருடங்கள் ஓடிய வாகனத்தையே பேணிக்காத்து ஓட வேண்டியுள்ளது. அத்தகைய வாகனத்தில் அடிக்கடி வரும், ஆனால் அடிக்கடி அலட்சியம் செய்யப்படும் ஒரு கோளாறைப் பற்றியதே இப்பாடம். அதுதான் பின் சில்லில் பிரேக் ஒயில் ஒழுகுதல்.

முதலில், பாடத்திற்காக அமைத்த ஓர் உரையாடல். ஹயர் ஓடும் ஒரு தம்பி, கல்முனையில் நெடுங்காலம் கராஜ் வேலை செய்த தன் காக்காவிடம் வருகிறார்.

“காக்கா, முந்தநாள்தான் பின் சில்லு ரெண்டுக்கும் புதுப் பேட் போட்டன். இண்டைக்குக் காலையில பாத்தா இடது சில்லு உள்பக்கம் நனைஞ்சு கிடக்கு. பிரேக்க மிதிச்சா காலும் கீழ போகுது. பேட் கள்ளச் சாமானா?”

“பேட்டுல பிழை இல்ல தம்பி. பழைய பேட் தேயத் தேய பிஸ்டன் வெளிய வந்து நிண்டிருக்கும். வெளிய நிண்ட துண்டுல கறள் பிடிச்சிருக்கும். புதுப் பேட் போடக்குள்ள அத உள்ளுக்குத் தள்ளினாய்தானே? அந்தக் கறள் சீலக் கிழிச்சுப் போட்டுது.”

“அப்ப ஒயில் ஊத்தி ஊத்தி ஓடலாமா காக்கா? நாளைக்கு அம்பாறைக்கு ஒரு ஹயர் இருக்கு.”

“ஹயர நிப்பாட்டு. ஒயில் ஊத்துறது மருந்தில்ல. முதல்ல அந்தப் பிஸ்டனக் கழட்டிப் பாப்பம். அதப் பாத்தாத்தான் கிட் போடலாமா, புதுசு வாங்கணுமா எண்டு சொல்ல ஏலும்.”

காக்காவின் கடைசி வார்த்தைகளிலேயே இப்பாடத்தின் சாரம் அடங்கியுள்ளது. ஒயில் ஊற்றுவது பழுதுபார்த்தல் ஆகாது. ஒழுகும் பாகத்தைத் திறந்து, உரிய மேற்பரப்பைக் கண்ணாலும் நகத்தாலும் சோதித்த பின்னரே பழுதுபார்ப்பதா, மாற்றுவதா என்று தீர்மானிக்க வேண்டும்.

1. பிரேக் எவ்வாறு வேலை செய்கிறது?

மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அவ்வழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பஸ்கால் எடுத்துக்காட்டிய விதி இது. பிரேக் இவ்விதியின்படியே இயங்குகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். நீங்கள் காலால் 20 கிலோ பாரத்துக்குச் சமமாக மிதிக்கிறீர்கள். பெடல் நெம்புகோலாக நின்று அதை நான்கு மடங்காக்குகிறது. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனில் 80 கிலோ விழுகிறது. அப்பிஸ்டனின் பரப்பு 3 சதுர சென்ரிமீற்றர் என்றும், சில்லிலுள்ள பிஸ்டனின் பரப்பு 9 சதுர சென்ரிமீற்றர் என்றும் கொள்வோம். சில்லில் கிடைக்கும் விசை 240 கிலோ. காலின் 20 கிலோ, ஒரு சில்லிலேயே 240 கிலோ ஆகிறது. பாத்திரம் மூடியிருக்கும் வரையில்தான் இந்தக் கணக்குச் சரிவரும். ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் அழுத்தம் அவ்வழியே வெளியேறும்.

பின் சில்லுகளில் இரு வகைப் பிரேக்குகள் உண்டு.

முதலாவது டிஸ்க் வகை. சில்லோடு சுழலும் இரும்புத் தட்டை, கலிப்பர் எனும் கவ்வி இரு பேட்களால் இறுக்கிப் பிடிக்கும். பழைய ஜப்பானிய கார்கள் சிலவற்றில் பின்னாலும் இவ்வகை உண்டு.

இரண்டாவது டிரம் வகை. மூடிய டிரம்மிற்குள் இருக்கும் வீல் சிலிண்டர், லைனர் ஒட்டிய இரு பிரேக் சூக்களை வெளியே தள்ளும். பழைய வான்கள், பிக்கப்புகள், சிறு லொறிகள் பெரும்பாலானவற்றில் பின்னால் இருப்பது இதுவே.

இரண்டிலும் ஒயிலைத் தடுத்து நிறுத்துவது ஒரு சிறிய இறப்பர்தான். கலிப்பரில் அது சதுர வெட்டுமுகம் கொண்ட வளையம். சிலிண்டர்ச் சுவரிலுள்ள காடியில் அது அசையாமல் இருக்கும். பிஸ்டன் அதனூடாக நகரும். வீல் சிலிண்டரில் அது கிண்ணம் போன்ற வடிவில் பிஸ்டனோடு சேர்ந்து நகரும். சிலிண்டர்ச் சுவரை உரசிச் செல்லும். இந்த வேறுபாட்டை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பின்னர் தீர்மானம் எடுக்கும்போது இதுவே வழிகாட்டும்.

2. கரையோர வாகனங்களில் ஒழுக்கு ஏன் அதிகம்?

கடற்காற்றில் உப்பு உண்டு. மீன் எடுக்க வாடிக்கு அருகே மணலில் இறங்கும் வாகனத்தின் அடியில் உப்பு மணல் ஒட்டுகிறது. மீன்பெட்டிகளிலிருந்து ஐஸ் உருகி வடியும் உப்புநீர், தளத்தின் இடுக்குகளால் இறங்கிப் பிரேக் குழாய்களிலும் பின் சில்லிலும் சொட்டுகிறது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் வெள்ளத்திலும் வயற்சேற்றிலும் ஓடும்போது நீர் இன்னும் உட்புகுகிறது.

பிஸ்டனின் வெளிமுனையை ஓர் இறப்பர் உறை மூடியிருக்கும். அது வெடித்தால் உப்பு ஈரம் உள்ளே போய்க் கறள் பிடிக்கும். அதுவரை ஒழுக்குத் தெரியாது; ஏனெனில் கறள் பிடித்த பகுதி சீலுக்கு வெளியே நிற்கிறது. புதுப் பேட் போடுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளும் நாளில்தான் அப்பகுதி சீலைத் தாண்டி அதைக் கிழிக்கிறது. பேட் மாற்றிய மறுநாள் ஒழுகத் தொடங்குவதன் காரணம் இதுதான்.

உள்ளிருந்தும் கறள் வரும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பல வருடம் மாற்றாத ஒயிலில் நீர் சேர்ந்து, சிலிண்டரை உள்ளிருந்தே அரிக்கிறது. ஈரம் சேர்ந்தால் கொதிநிலையும் இறங்கும். டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாது. ஈரம் சேர்ந்தபின் அந்த எல்லை 140 பாகை. டொட் 4 வகைக்கு இவை 230, 155 பாகைகள். ஒயில் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். ஆவியை அழுத்தினால் அது சுருங்குமேயன்றிச் சில்லுக்கு விசை போகாது.

3. எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்தல்

பின் சில்லு நனைந்திருந்தால் உடனே பிரேக்கைக் குறை சொல்லக் கூடாது. பின் அச்சில் கியர் ஒயில் உள்ள வாகனங்களில், அச்சின் சீல் தேய்ந்தும் டிரம்முக்குள் ஒயில் வரும். கியர் ஒயில் தடித்தது, காரமான கந்தக வாடை வீசும், தண்ணீரில் கரையாது. பிரேக் ஒயில் மெல்லியது, தண்ணீரில் கலந்துவிடும். ஒரு துளியைத் துணியில் தொட்டு ஒரு கோப்பைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். எண்ணெய்ப் படலம் மிதந்தால் அது கியர் ஒயில்.

பிரேக் ஒயில்தான் என்று தெரிந்தால், சில்லைக் கழற்றி இடத்தைத் துடைத்து, ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிப் பின்வரும் இடங்களை அவதானியுங்கள்.

அ. இரும்புக் குழாயும் அதன் இணைப்பு நட்டும்.
ஆ. வளையும் இறப்பர் ஹோஸ். அதில் வெடிப்போ வீக்கமோ உண்டா?
இ. ஹோஸ் கலிப்பரில் சேரும் போல்ட்டின் இருபுறமும் உள்ள செப்பு வொஷர்கள்.
ஈ. காற்று எடுக்கும் பிளீடர் ஸ்குரூ.
உ. கலிப்பர்ப் பிஸ்டனின் இறப்பர் உறை, அல்லது வீல் சிலிண்டரின் இரு முனைகளிலுமுள்ள இறப்பர் உறைகள்.

செப்பு வொஷரில் ஒழுகினால் வொஷர் இரண்டையும் மாற்றினால் போதும். ஹோஸில் என்றால் ஹோஸை மாற்ற வேண்டும். இவற்றைப் பாராமல் கலிப்பரை மாற்றினால் பணமும் போகும், ஒழுக்கும் நிற்காது. உறைக்குள்ளிருந்து ஒயில் வந்தால் மட்டுமே மேற்கொண்டு போக வேண்டும்.

4. பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

முன்னர் சொன்ன வேறுபாடு இங்கே உதவுகிறது.

கலிப்பரில் சீல் அசையாது. அதன்மேல் உரசுவது பிஸ்டன். ஆகவே பார்க்க வேண்டியது பிஸ்டனின் வெளி மேற்பரப்பு. பளபளப்பாக இருந்து, நகத்தை மெதுவாக இழுக்கையில் எங்கும் தடக்காவிட்டால், சீலும் உறையும் அடங்கிய கிட் போதும். குழிகள் இருந்தாலோ, முலாம் உரிந்திருந்தாலோ பிஸ்டனையும் மாற்ற வேண்டும். சீல் அமரும் காடியில் படிந்த கறளைச் சுரண்டியெடுக்கலாம். காடியே அரிக்கப்பட்டிருந்தால் முழுக் கலிப்பரையும் மாற்ற வேண்டும்.

வீல் சிலிண்டரில் சீல் நகரும். அது உரசுவது சிலிண்டர்ச் சுவரை. ஆகவே பார்க்க வேண்டியது சிலிண்டரின் உட்சுவர். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் கிட் போடலாம். குழி இருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள். குழி விழுந்த சுவரில் புது இறப்பர் நெடுநாள் நில்லாது.

பிஸ்டனைப் பரமக்காகிதத்தால் தேய்த்துக் கறளைப் போக்கிவிடலாமே என்று சிலர் கேட்பர். கறள் போகும், குழி போகாது. முலாமும் தேய்ந்துவிடும். அது வெகு சீக்கிரம் மீண்டும் ஒழுகும்.

சில கார்களில் ஹேண்ட் பிரேக்கின் பொறிமுறையும் பின் கலிப்பருக்குள்ளேயே இருக்கும். ஹேண்ட் பிரேக் கேபிள் நேரே கலிப்பரில் வந்து சேர்வதைக் கொண்டு இதை அறியலாம். இவ்வகையில் உள்ளே திருகாணியும் வில்லுகளும் இருப்பதால் கிட் போடுவது பழக்கமில்லாதவருக்குக் கடினம். முழுக் கலிப்பராக மாற்றுவதே நல்லது.

பழைய சாமான் கடையில் கலிப்பர் வாங்குவதானால் மூன்றைப் பாருங்கள். உறை கிழியாமல் இருக்கிறதா? பிஸ்டன் கறளின்றி இருக்கிறதா? பிளீடர் ஸ்குரூ திறக்கிறதா? பிளீடர் திறக்காத கலிப்பரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

செலவைத் தீர்மானிக்கும் முன் கிட்டின் விலை, பிஸ்டனின் விலை, முழுக் கலிப்பரின் விலை, வாகனம் நிற்கும் நாட்களின் வருமான இழப்பு ஆகிய நான்கையும் தாளில் எழுதிப் பாருங்கள். கிட்டும் பிஸ்டனும் சேர்ந்து முழுக் கலிப்பரின் விலையை நெருங்கினால் முழுதாக வாங்குவதே சிக்கனம்.

5. கலிப்பர் வேலை: படிப்படியாக

முதலில் பாதுகாப்பு. சம தரையில், கெட்டியான நிலத்தில் வாகனத்தை நிறுத்துங்கள். ஒலுவில், நிந்தவூர், பாலமுனைப் பகுதிகளில் முற்றம் மணலாக இருக்கும். மணலில் ஜக் புதையும். அகலமான கெட்டிப் பலகையை அடியில் வையுங்கள். பின் பிரேக் வேலைக்கு ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்த வேண்டியிருப்பதால், முன் சில்லுகளின் இருபுறமும் கட்டை வைக்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழ் கையோ தலையோ போகக் கூடாது. இரும்பு ஸ்டாண்ட் அல்லது பலமான மரக்குற்றி வையுங்கள். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் திடீரென உடையும். அவற்றை வைக்க வேண்டாம்.

(1) மாஸ்டர் சிலிண்டர்ப் பாத்திரத்தின் மூடியைத் துடைத்துவிட்டுத் திறந்து, ஒயில் மட்டத்தைப் பாருங்கள்.

(2) ஹோஸைக் கழற்றாமல் கலிப்பரை அதன் தாங்கியிலிருந்து எடுங்கள். ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். பேட்களை எடுங்கள்.

(3) கலிப்பரின் வாயில் ஒரு மரத்துண்டை வைத்து, ஒருவரைப் பெடலை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். பிஸ்டன் வெளியே வரும். டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தால் பிஸ்டனை வெளியேற்றுவது ஆபத்து. அது குண்டுபோல் பாய்ந்து விரலை நசுக்கும்.

(4) ஹோஸைக் கழற்றி, வழியும் ஒயிலைப் பாத்திரத்தில் பிடியுங்கள். கலிப்பரைப் பிரேக் கிளீனராலோ மெதிலேட்டட் ஸ்பிரிட்டாலோ கழுவிக் காயவிடுங்கள். பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய் ஆகாது. அவற்றின் மிச்சம் இறப்பரை வீங்கச் செய்யும்.

(5) பழைய சீலை மரக்குச்சியால் எடுங்கள். இரும்பு ஊசி காடியைக் கீறும். காடியைச் சுத்தம் செய்து, புதுச் சீலைப் புதுப் பிரேக் ஒயிலில் தோய்த்து, முறுகாமல் அமர்த்துங்கள்.

(6) பிஸ்டனிலும் ஒயில் தடவி, உறையோடு சேர்த்து நேராகக் கையால் அழுத்துங்கள். சரிந்தால் பலவந்தம் செய்யாமல் எடுத்து மீண்டும் வையுங்கள்.

(7) கலிப்பர் வழுக்கிச் செல்லும் பின்களைத் துடைத்து, இறப்பருக்குக் கேடு செய்யாத சிலிக்கோன் பிரேக் கிறீஸ் பூசுங்கள். சாதாரண கிறீஸ் பூசினால் இறப்பர் ஊதிப் பின் இறுகிவிடும்.

(8) புதுச் செப்பு வொஷர்களுடன் ஹோஸைப் பூட்டுங்கள்.

ஹேண்ட் பிரேக் உள்ளடங்கிய கலிப்பரில் பேட் மட்டும் மாற்றுவதாயினும் ஒரு விதி உண்டு. அதன் பிஸ்டனைக் கிளாம்பால் நெருக்கித் தள்ளக் கூடாது. அழுத்திக்கொண்டே திருகி உள்ளே செலுத்த வேண்டும், பெரும்பாலும் வலஞ்சுழியாக. நெருக்கித் தள்ளினால் உள்ளிருக்கும் திருகாணி கெட்டுவிடும்.

ஒயிலில் நனைந்த பேட்டையும் லைனரையும் மீண்டும் போடாதீர்கள். பெற்றோலில் கழுவி நெருப்பில் வாட்டினால் சரியாகும் என்பது தவறான நம்பிக்கை. மேலே காய்ந்தாலும், உள்ளே ஊறிய ஒயில் சூடேறும்போது மீண்டும் கசியும். பேட்களை எப்போதும் இரு பக்கமும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் பிடித்து மறு பக்கம் வழுக்கினால், மழை நாளில் வாகனத்தின் பின்பகுதி சுழன்றுவிடும்.

6. வீல் சிலிண்டர் வேலை

டிரம்மைக் கழற்றும்போது உள்ளிருக்கும் தூசியை ஊதவோ, காற்றடிக்கவோ வேண்டாம். பழைய லைனர்களில் கல்நார் இருந்திருக்கலாம். அதன் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுங்கள். வில்லுகள் எவ்வாறு பூட்டப்பட்டிருந்தன என்பதை மறந்தால் மறுபக்கத்தைப் பார்த்துப் பூட்டலாம். குழாய் நட்டைச் சாதாரண ஸ்பனரால் திருகினால் மூலைகள் மழுங்கும்; அதற்கென உள்ள குழாய் ஸ்பனரைப் பயன்படுத்துங்கள். கறள் பிடித்து இறுகியிருந்தால் முதல் நாளே கறள் நீக்கும் திரவம் விட்டு ஊறவையுங்கள். குழாய் நட்டோடு சேர்ந்து முறுகுவது தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். அக்குழாயையும் மாற்ற வேண்டியிருக்கும்.

7. காற்றை எடுத்தல்

குழாய் திறந்த பின் உள்ளே காற்றுப் புகுந்திருக்கும். இதற்கு இருவர் வேண்டும். பிளீடரில் தெளிந்த ரியூபை மாட்டி, மறுமுனையைச் சிறிது பிரேக் ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்துங்கள். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் பிளீடரைத் திறக்கிறார். குமிழிகள் வரும். பிளீடரை மூடிய பின்னரே பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும். குமிழி நிற்கும் வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். இடையிடையே மாஸ்டர் சிலிண்டர்ப் பாத்திரத்தை நிரப்புங்கள். அது காய்ந்துபோனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான், ஏ.பி.எஸ். உள்ள வாகனமாயின் கராஜ் இயந்திரமின்றிக் காற்றை வெளியேற்ற முடியாமலும் போகலாம்.

பொதுவாக மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதிக தூரத்திலுள்ள சில்லில் தொடங்குவர். நம் நாட்டு வாகனங்களில் சாரதி வலப்பக்கம் இருப்பதால் அது பெரும்பாலும் இடது பின் சில்லு. சில வாகனங்களின் கைநூலில் வேறு ஒழுங்கு இருந்தால் அதன்படி செய்யுங்கள்.

பெரும்பாலும் நேரும் ஒரு தவறைச் சொல்லிவைக்கிறோம். பிளீடர் எப்போதும் கலிப்பரின் மேற்பக்கத்தில் இருக்க வேண்டும். இடது, வலது கலிப்பர்கள் மாறிப் பூட்டப்பட்டால் பிளீடர் கீழே வந்துவிடும். காற்று மேலே தங்கும். எத்தனை போத்தல் ஒயில் விட்டாலும் பெடல் பஞ்சுபோலவே இருக்கும்.

ஒயில் வாங்கும்போது பாத்திர மூடியில் எழுதியிருக்கும் டொட் எண்ணைப் பார்த்து, முத்திரை உடையாத போத்தலாக வாங்குங்கள். என்ஜின் ஒயில், தேங்காய் எண்ணெய், சவர்க்காரத் தண்ணீர் எதையும் ‘அவசரத்துக்கு’ என்று ஊற்றாதீர்கள். எண்ணெய் பட்டால் எல்லாச் சில்லுகளிலும் உள்ள இறப்பர்களும் வீங்கி, முழுத் தொகுதியையும் மாற்ற நேரிடும்.

8. ஓடுமுன் சோதனை

என்ஜினை இயக்காமல் பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதியுங்கள். பின்பு பலமாக ஒரு நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். கால் மெல்ல மெல்லக் கீழிறங்கினால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் பழுது. என்ஜினை இயக்கியும் இதைச் செய்யுங்கள். பின்பு ஆளில்லாத மைதானத்தில் நடை வேகத்தில் ஓட்டி, பிரேக்கையும் ஹேண்ட் பிரேக்கையும் தனித்தனியே சோதியுங்கள். பாத்திரத்தில் ஒயில் மட்டத்துக்குப் பேனையால் கோடிட்டு, இரவு சில்லுகளின் கீழ் சுத்தமான கார்ட்போட் விரித்து வையுங்கள். காலையில் கார்ட்போட் உலர்ந்தும், மட்டம் கோட்டிலும் இருந்தால்தான் வீதிக்கு இறங்கலாம்.

9. ஒருபோதும் செய்யக் கூடாதவை

ஒழுகும் பின் சில்லின் குழாயை மடித்து நசுக்கி, மற்றச் சில்லுகளில் ஓடலாம் என்று சொல்வோர் உண்டு. பாரம் ஏற்றிய வாகனத்தில் இது உயிரோடு விளையாடுவது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடியில் வாகனம் ஏறக்குறைய 14 மீற்றர் செல்கிறது. அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வரையுள்ள பிரதான வீதியில் பாடசாலைப் பிள்ளைகளும், மாடுகளும், நெல் ஏற்றிய உழவு இயந்திரங்களும் எந்நேரமும் குறுக்கிடும். அந்த ஒரு விநாடி பிந்தினால் யார் வீட்டுப் பிள்ளையோ!

ஓடும்போதே பெடல் கீழிறங்கினால் பதறாதீர்கள். விரைவாகப் பலமுறை மிதியுங்கள். கியரைப் படிப்படியாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்தியபடி மெதுவாக இழுங்கள். நின்ற இடத்திலிருந்து மேலே ஓட்டாமல் இழுத்துச் செல்லுங்கள்.

பழைய ஒயிலை மண்ணில் ஊற்ற வேண்டாம். நம் மணற்பாங்கான ஊர்களில் கிணற்று நீர் சில அடி ஆழத்திலேயே உள்ளது. பிரேக் ஒயில் நஞ்சு. அதைச் சோடாப் போத்தலில் வைத்தால் பிள்ளைகள் குடித்துவிடுவர். பெயர் எழுதிய டின்னில் மூடிவைத்துக் கராஜில் கொடுங்கள். வண்டியின் பெயின்ற்றில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

10. மீண்டும் வராமல் காத்தல்

மீன் ஏற்றிய நாளும், கடற்கரைக்குப் போன நாளும் மாலையில் சில்லுகளின் உட்புறத்தையும் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மீன்பெட்டிகளின் அடியில் தட்டு வைத்து, உப்புநீரை ஒரு குழாயால் வெளியே விடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஒயிலை முழுதாக மாற்றுங்கள். பேட் மாற்றும் ஒவ்வொரு தடவையும், பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் உறையை விலக்கி வெளியே நிற்கும் பகுதியைத் துடைத்துப் பாருங்கள். கறள் தெரிந்தால் தள்ளாதீர்கள். கிட்டும் பிஸ்டனும் அப்போதே வாங்குங்கள்.

இவ்வேலையை முன்பு செய்யாதவர்கள் முதல் தடவை தெரிந்த ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள். கராஜுக்குக் கொடுப்பதாயினும் இப்பாடம் வீணாகாது. “கழட்டின பிஸ்டனக் காட்டுங்க காக்கா” என்று கேளுங்கள். அதை நகத்தால் தடவிப் பாருங்கள். எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பது அப்போது தெரியும். வயலில் வரம்பு உடைந்தால் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே இருக்க மாட்டோம். முதலில் வரம்பைக் கட்டுவோம். பிரேக்கும் அப்படித்தான்.

கலந்துரையாடலுக்கு

1. புதுப் பேட் போட்ட மறுநாள் கலிப்பர் ஒழுகத் தொடங்குவது ஏன்?
2. கலிப்பரில் பிஸ்டனையும், வீல் சிலிண்டரில் உட்சுவரையும் சோதிக்க வேண்டும் என்பதன் காரணத்தை விளக்குக.
3. உங்கள் குழுவிலுள்ள ஒவ்வொரு வாகனத்தின் பின் சில்லிலும் எவ்வகைப் பிரேக் உள்ளது? கடைசியாக ஒயில் மாற்றியது எப்போது? ஒரு கொப்பியில் பதியுங்கள்.
4. குழாய் ஸ்பனர், ஸ்டாண்ட், தெளிந்த ரியூப் ஆகியவற்றை நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ள முடியுமா? யார் பொறுப்பில் வைப்பது?